பால்குடத்தில் நான் கேட்டது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடியும் மோட்டார் சைக்கிள் ஏறப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். பந்தயம் இல்லையாம், வெறும் பயிற்சிதானாம். "சும்மா நாலு ரவுண்டு சுத்திட்டு வரப்போறான் லா, அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க?" என்று கேட்டுவிட்டு லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். நீ பட்டறையில் வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பூச்சோங்குக்குப் போயிருக்கிறாய். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். காலையில் நீ காலணி மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தேன். நீ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாய். "பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். ஏதாவது புரியாவிட்டால் அப்பாவிடம் போய்க் கேட்காதே, என்னிடமே கேள். அவருக்கும் இதில் பாதி தெரியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் திருவிழாவில் நான் பால்குடம் எடுத்தது நீ மறுபடியும் பந்தயத்தில் ஓட வேண்டும் என்பதற்காக இல்லை. நீ இந்த மோட்டோகிராஸை, மண்மேட்டில் மோட்டாரைப் பறக்கவிடும் இந்தப் பந்தயத்தை, விட்டுவிட வேண்டும் என்று வேண்டியிருந்தேன். நீ விட்டாய், நான் செலுத்தினேன். அவ்வளவுதான் கதை. ஆனால் நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வழி முழுக்க என் கூடவே நடந்தாய். கோயில் வாசலில் என் காலைத் துடைத்துவிட்டு, "இனிமே பயமில்லம்மா, உன் பால்குடம் இருக்கு" என்றாய். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பி நீ அந்த மேட்டின் மேல் ஏறப் போகிறாய். மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. பெற்றவள் வேண்டியது வேண்டியதுதான். ஆனால் நீ தெரிந்துகொண்டு ஏறவேண்டும்.

உனக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று அப்பாவும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொள்வோம். நம் பண்டமாரான் வீட்டுக்குப் பின்னால் நாலு செங்கல்லை அடுக்கி, அதன் மேல் பலகையைச் சாய்த்து வைத்து, சைக்கிளில் வந்து பறந்து விழுந்தாயே, அன்றைக்குத்தான் என்பேன் நான். முழங்கால் பிய்ந்து ரத்தம் ஒழுக, "ம்மா, ரெண்டு டயரும் மேல வந்துச்சா, பாத்தியா?" என்று கேட்டாய். நான் கரண்டியோடு ஓடிவந்தேன். அப்பா கை தட்டினார். அந்தக் கை தட்டலில்தான் எல்லாம் கெட்டது என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. பிறகு அந்தப் பழைய மோட்டார் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் அதைச் செம்மண் போகக் கழுவ, மண்ணெல்லாம் சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ள, பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, லோங்காங் சும்பாட் லா!" என்று கத்துவார். சாக்கடையைக் குத்திவிடுவது மட்டும் என் வேலை. கோப்பை வாங்கிவருவது உங்கள் வேலை.

நீ ஓடுவதைப் பார்க்க நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பா போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வருவார். நீ குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை அதைத் திறக்கமாட்டேன். நீ முழுசாக வீட்டுக்குள் இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் பார்ப்பேன். அப்போதும் நீ மேட்டில் ஏறும்போதெல்லாம் கட்டைவிரலால் திரையை மறைத்துக்கொள்வேன். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். ஓட்டையைத் தேடித் தேடியே பழகிப்போன கண் இது. எல்லாரும் நீ பறப்பதைப் பார்த்தபோது நான் நீ எங்கே விழுவாய் என்று பார்த்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் கூட்டாளி மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? இந்த வருடத்துப் பந்தயங்கள் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. மண்டபத்துக்குள் நுழைந்ததும் நீ என் கையை உதறிவிட்டு ஓடினாய். சின்ன வயதில் அலமாரிக் கதவில் ஒரு மோட்டோகிராஸ் வீரர் படத்தை ஒட்டி வைத்திருந்தாயே, அந்த அண்ணன் சாப்பாட்டு மேசை ஓரமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பக்கத்தில் அவருடைய அம்மா, என் வயதுதான் இருக்கும், தலை முழுக்க நரைத்திருந்தது. இலையில் சோற்றைப் பிசைந்து மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நீயும் அந்த அண்ணனும் ஏதோ ஒரு தடத்தைப் பற்றி, அதன் வளைவைப் பற்றி, மழை பெய்தால் அங்கே எப்படி வழுக்கும் என்பதைப் பற்றி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்க பையனும் ஓடுறானாமே. நல்லா ஓடுறான்னு கேள்விப்பட்டேன்" என்றார். "ஆமாங்க்கா, ஓடுறான்" என்றேன். "எம்மவனும் நல்லாத்தான் ஓடுனான்" என்று சொல்லிவிட்டு, அப்பளத்தை நொறுக்கி மகன் வாயில் வைத்தார். குரலில் ஒரு குறையும் இல்லை, கறி நல்லா இருக்கு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். "பாயசம் வேணுமாய்யா?" என்று மகனைக் கேட்டார். "வேணாம்மா, சிலுவார் இடுப்புல டைட்டாயிரும்" என்றார் அவர். நீ அதற்கும் சிரித்தாய். அந்த அம்மாவும் சிரித்தார். மகனின் தாடையில் வழிந்த ரசத்தைத் தன் முந்தானையால் துடைத்தார், அதை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிற கை என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்கு இலையில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. கை கழுவப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில். உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தப் போனார்கள். கதவு பாதி மூடியிருந்தது. அந்த இடைவெளியில் நின்று, "தாயே, எம்புள்ள இந்த ஓட்டத்தை விட்டுட்டான்னா, வர்ற திருவிழாவுல உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அங்கே இருந்ததும் அம்மன்தான், நம் கிள்ளானில் இருப்பதும் அம்மன்தான். ஆனாலும் பால்குடம் நம் கோயிலில்தான் என்று சேர்த்துச் சொன்னேன், பிறகு அங்கேயா இங்கேயா என்று குழப்பம் வரக்கூடாது பார். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி மேடையில் விளக்குக்குப் பின்னால் வைத்தேன். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். நீ எப்படி விடவேண்டும் என்று சொல்லவில்லை. எலும்பு உடையாமல், மனசு உடையாமல் என்று இரண்டு சொல் கூடப் போட்டிருக்கலாம். கதவு சாத்துகிற அவசரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். முதல் பந்தயத்தில் முதல் வளைவிலேயே பத்துப் பேரோடு சேர்ந்து சாய்ந்தாய். தோள்பட்டை எலும்பில் தகடு வைத்தார்கள். மருத்துவமனையில் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியபோது, எலும்பின் மேல் வரிசையாகத் திருகாணிகள் தெரிந்தன. அப்பா டாக்டரிடம் எப்போது மறுபடி ஓடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்டதற்குத்தான் இது வந்ததா என்று நினைத்தேன். டாக்டர் சொன்ன காலத்துக்கு முன்பாகவே நீ திரும்பப் போனாய். அடுத்த பந்தயத்தில் மழை, சேற்றில் வண்டி நின்றுவிட்டது. அதற்கு அடுத்ததில்தான் அந்த இரட்டை மேடு. முதல் மேட்டில் கிளம்பி, நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டி, இரண்டாவது மேட்டின் அந்தப் பக்கச் சரிவில் போய் இறங்கவேண்டும் என்று நீதான் எனக்குச் சாப்பாட்டுத் தட்டில் இரண்டு இட்லியை வைத்துக் காட்டியிருக்கிறாய். அப்பா எடுத்த வீடியோவில் எல்லாரும் பறந்தார்கள். நீ மேட்டின் உச்சிக்கு வந்ததும் வேகத்தைத் திருகும் கையை விட்டாய். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தச் சத்தம் இறங்கியது தெரிந்தது. பள்ளத்துக்குள் உருண்டு இறங்கி, மறுபடி ஏறி வந்தாய். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அந்தச் சத்தம் இறங்கியது. அன்றைக்குத்தான் நான் கட்டைவிரலை எடுத்துவிட்டு முழுசாகப் பார்த்தேன்.

ஊரில் உள்ளவனுக்கெல்லாம் அப்போதுதான் வாய் வந்தது. வீடியோவுக்குக் கீழே யாரோ, "தாத்தா பாசாருக்கு மீன் வாங்கப் போறாரு, வழி விடுங்க லா" என்று எழுதியிருந்ததை நீ திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். கடைசிப் பந்தயத்தில் பாதியிலேயே தடத்தை விட்டு ஒதுங்கி, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினாயாம். பட்டறை முதலாளி உன் தோளைத் தொட்டு, "கொஞ்சம் ரெஸ்ட் எடு லா தம்பி, பைக் எங்கயும் ஓடிப்போயிராது" என்றாராம். அப்பா தொழிற்சாலைக்குப் போன் போட்டு, "பையன் நிறுத்திட்டான்" என்றார். அவர் குரல் அழுதது. நான் கையில் இருந்த கையுறையை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்த பிறகு இதை மட்டும் எப்படி மறைப்பது? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், "கேட்டதைக் குடுத்துட்டியே தாயே" என்று கும்பிட்டேன்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நீ பின்கட்டில் உட்கார்ந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தலைக்கவசத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். அதில் ஒரு துளி மண் இல்லை. இருட்டும்வரை தேய்த்தாய். நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? நீ இதை விட்டால், சிகரெட்டை விட்ட ஆள் மாதிரி இரண்டு நாள் முகத்தைச் சுளித்துவிட்டு, மூன்றாம் நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாய், ஒரு பெண்ணைப் பார்க்கலாம், எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று நினைத்திருந்தேன். விட்டுவிட்டால் உன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. பட்டறைக்குப் பக்கத்தில் வார நாட்களில் தங்கியிருந்த பூச்சோங் அறையைக் காலி செய்துவிட்டு வந்து, பகலில் படுத்தாய், சாயங்காலம் எழுந்தாய், மூன்று வாய் சாப்பிட்டாய். நண்டு வாங்கிச் சமைத்தேன். கோழிப் பெரட்டல் செய்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு நாள் கேட்டாய், "ம்மா, நான் பயந்தாங்கொள்ளியா?"

"ச்சே, இல்லடா" என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன், அதனால் நீ நம்பவில்லை. என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. பயம் நல்லதுதான், அது வந்ததற்குச் சாமிக்கு நன்றி சொல் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் உன் கையை அந்த மேட்டின் மேல் விடவைத்த பயம் நான் கேட்டு வாங்கிக் கொடுத்ததாக இருந்தால்? கையுறையில் ஓட்டை இருந்தால் தனியாக எடுத்துப் போட்டுவிடலாம். என் கண் முன்னால் நீ கசிந்துகொண்டிருந்தாய், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருவிழா நெருங்கியது. விரதம் பிடித்து, சாமி மேடையைத் துடைத்து, அந்த மஞ்சள் முடிச்சை எடுத்து வெளியே வைத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதல்மா?" என்றாய். "செலுத்துறதுக்கு முன்னாடி வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுடா" என்றேன். நம் ஜனங்கள் எல்லாரும் சொல்வதுதான், உனக்கும் தெரியும். நீ அந்த முடிச்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்" என்று சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உன் பல்லைப் பார்த்தேன். "நான் திரும்ப ஓடணும்னுதானே?" என்று நீ கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது முறை. நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய்.

மறுநாளிலிருந்து நீயும் விரதம். கோழி இல்லாமல் நாசி லெமாக் சோற்றைத் தொடாதவன், முட்டை போட்ட ரொட்டியைக்கூடத் தள்ளி வைத்தாய். அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சிக்கு ஓடப் போனாய். முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்பா என்னிடம், "பாத்தியா, பையன் தெளிஞ்சிட்டான். எல்லாம் உன் விரதம்தான்" என்று பெருமைப்பட்டார். ஒவ்வொரு நாளும் நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டு வந்தாய், ஒவ்வொரு நாளும் நான் அந்த மஞ்சள் முடிச்சைப் பார்க்காமல் விளக்கு ஏற்றினேன். மருந்து என்று நினைத்து வெறும் தண்ணீரைக் குடித்து ஒருவனுக்கு உடம்பு தேறுகிறது என்றால், அதைக் கையிலிருந்து பிடுங்குவதா, ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பதா? யாரிடம் போய்க் கேட்பேன்?

கடைசியில் உன் அப்பாவிடம்தான் சுற்றி வளைத்துக் கேட்டேன். வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஏங்க, ஒருத்தி சாமிகிட்ட ஒண்ணு வேண்டிக்கிட்டா. அது நடந்துருச்சு. இப்ப அது வேணாம், வேற குடுன்னு மாத்திக்கலாமா?" என்றேன். "கப்பல் ஏறுன கண்டெய்னருக்கு அட்ரஸ் மாத்துற மாதிரியா?" என்றார். "மாத்தலாம் லா. ஆனா பெனால்டி போடுவான்." சிரித்துக்கொண்டே துண்டை எடுத்தார். "யாரு அந்த ஒருத்தி?" "பேக்டரியில ஒரு பொம்பள" என்றேன். அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அது உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. வேண்டுதலை மாற்றினால் அபராதம் உண்டு என்றால் அம்மன் அதை யாரிடமிருந்து எடுப்பாள்? என்னிடமிருந்து எடுத்தால் பரவாயில்லை. கை கால் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பால்குடம் என் தலையில் இருந்தாலும் வேண்டுதல் உன் பேரில்தானே இருக்கிறது.

அதனால் நடுவாக ஒரு வாசகம் தயார் செய்தேன். "தாயே, அவனுக்கு எது நல்லதோ அதைக் குடு." இதில் பழையதை மாற்றியதாகவும் ஆகாது, உனக்குக் குறுக்கே நின்றதாகவும் ஆகாது. ஊர்வலம் கிளம்பியதிலிருந்து அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன். உறுமி மேளம் காதைப் பிளந்தது, தார் ரோடு கொதித்தது. நீ எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, நான் கால் வைக்கிற இடத்திலெல்லாம் போத்தல் தண்ணீரை ஊற்றினாய். போத்தல் தீர்ந்தால் ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தாய். தகடு வைத்த தோளால் கூட்டத்தைத் தடுத்தாய். பக்கத்தில் குடம் எடுத்து வந்தவர், "குடுத்து வச்சவங்கக்கா நீங்க, இப்படி ஒரு பையன்" என்றார். என் தலையில் இருந்த குடம் அப்போதுதான் கனத்தது.

சன்னிதியில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறாய்? குடத்தை வாங்கினார்கள், மஞ்சள் துணியை அவிழ்த்தார்கள், "நவுருங்கக்கா, பின்னாடி கூட்டம் நிக்குது" என்று தொண்டர் கையைக் காட்டினார். நீ என்னை ஒட்டிக்கொண்டு நின்றாய். தலைக்கு மேலே கை கூப்பி, கண்ணை இறுக மூடி, உதட்டை அசைத்தாய். நீ கேட்டது எனக்குத் தெரியும். அம்மன் மேல் பால் விழுந்தது. அவள் முகம் வெள்ளையாக மறைந்தது. வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாசகம் என் வாயில் இல்லை. "அவன் ஏறக் கூடாது தாயே. இனிமே ஏறவே கூடாது" என்றேன். நானாக நினைத்துச் சொல்லவில்லை. உன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருக்கும்போதே, உன் சூடு எனக்குத் தெரியும்போதே அது வந்தது. முதல் தடவையாவது செலுத்துகிறேன் என்று சொல்லிக் கேட்டேன். இந்தத் தடவை சும்மாவே கேட்டேன்.

வெளியே வந்ததும் "கேட்டியாம்மா?" என்றாய். "கேட்டேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் நீ குனிந்து என் காலைத் துடைத்தாய்.

இதுதான் நடந்தது. ஒரே அம்மனுக்கு முன்னால் ஒட்டி நின்று நீ ஒன்று கேட்டாய், நான் அதற்கு எதிராக ஒன்று கேட்டேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. திரும்ப வாங்கிக்கொள்ளவும் பார்த்தேன். நேற்று விளக்கு ஏற்றும்போது, "நான் சொன்னதை மனசுல வச்சுக்காத தாயே, அவன் இஷ்டப்படி விடு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னது வாய்தான். ஓட்டையைத் தேடுகிற கண் எனக்கு, என் பேச்சில் எங்கே கசிகிறது என்று எனக்கே தெரிகிறது.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு வாரமாக யோசித்தேன். சொன்னால் உன் பயம் திரும்ப வந்துவிடும். சொல்லாவிட்டால், அந்த மேட்டின் உச்சியில் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நம்பிக் கையைத் திருகுவாய். அந்த நேரம் நான் பார்த்துக்கொள்ளவில்லை தம்பி. நான் உன்னைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். நான் கொடுக்காத தைரியத்தை நான் கொடுத்ததாக வைத்துக்கொண்டு நீ பறக்கக் கூடாது. அங்கே போய் என் பால்குடத்தை நினைக்காதே. உன் கையைக் கேள். கை தானாக விட்டால் விட்டுவிடு, பள்ளத்தில் உருண்டு இறங்கி மெதுவாக ஏறி வா, தாத்தா என்று சொல்கிறவன் சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் வந்து உனக்குச் சோறு ஊட்டப் போவதில்லை. கை விடவில்லை என்றால், அது உன் சொந்தக் கை, அதற்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது. கழுத்துக் காப்புப் பட்டையை மட்டும் வெயிலாக இருக்கிறது என்று கழற்றாதே. வெறும் வயிற்றோடு ஏறாதே. இறங்கியதும் அப்பாவிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொல்லாமல் நீயே என்னைக் கூப்பிடு. உன் குரல்தான் எனக்கு வேண்டும்.

கோபம் வந்தால் வரட்டும், இரண்டு நாள் என்னோடு பேசாமல் இரு. அந்தக் கல்யாணத்தில் பார்த்த அம்மா எப்படித் தன் மகனோடு சிரித்துக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பார். நான் அவரைவிடப் பலவீனமானவள், எனக்கு அந்தச் சிரிப்பு வராது. நீ ஞாயிற்றுக்கிழமை ஏறாமல் வீட்டிலேயே இருந்தால், என் கடிதம்தான் உன்னை உடைத்துவிட்டது என்று அழுவேன். ஏறினால், நீ குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்வரை அழுவேன். எப்படிப் பார்த்தாலும் அன்றைக்கு எனக்கு அழுகைதான், அதனால் என்னை நினைத்து எதையும் முடிவு செய்யாதே.

நீ வண்டி ஏறியிருக்கும் நேரத்தில் நான் சாமி மேடைக்கு முன்னால்தான் இருப்பேன். அங்கே நின்று உனக்காக எதை வேண்டுவேன் என்று நீ சந்தேகப்பட வேண்டாம். இன்றைக்குக் காலையிலும் நீ ஏறக் கூடாது என்றுதான் வேண்டினேன். எனக்கு வேறு வேண்டத் தெரியவில்லைடா.

அம்மா